சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தவர்

என் வீட்டின் மத்தியானங்கள் எனக்குத் தெரியாதவை. பதினாறு வருடமாகத் தேனியில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சராக இருக்கிறேன். காலை எட்டு மணிக்குப் போனால் பழனிசெட்டிபட்டிக்குத் திரும்பி வர ஐந்தரை ஆகிவிடும். என் கணவர் தண்ணீர் மோட்டார்களுக்குச் செம்புக் கம்பிக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். ஒன்றரைக்குக் கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்கு வருவார், சாப்பிட்டுக் கொஞ்ச நேரம் கண்ணசருவார், நாலு மணிக்கு மறுபடி திறப்பார். இதுதான் எனக்குச் சொல்லப்பட்ட கதை. ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது, மற்ற விடுமுறையிலும் பத்தாம் வகுப்புக்கு ஸ்பெஷல் கிளாஸ் இருக்கும் என்பதால் சரிபார்க்க வாய்ப்பே வந்ததில்லை.

அந்த வருடம் வெயிலைக் காரணம் காட்டி ஸ்பெஷல் கிளாஸை நிறுத்திவிட்டார்கள். மே மாதம் முழுவதும் நான் வீட்டில் இருந்தேன்.

முதல் நாளே அவர் சாப்பாட்டை அவசரமாக முடித்ததைக் கவனித்தேன். ரசம்கூட ஊற்றிக்கொள்ளவில்லை. கையைக் கழுவிக்கொண்டு நேராக மகளின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மகள் கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள். அவள் அறையில் ஏசி கிடையாது, மேற்குப் பார்த்த சுவர், அடுப்பு மாதிரிக் காயும். அங்கே போய் ஒருவர் தூங்குவாரா?

பாத்திரத்தை ஒதுக்கிவிட்டு நடைப்பக்கம் போனபோது உள்ளேயிருந்து அவருடைய குரல் கேட்டது.

"நீங்க அங்கனயே நில்லுங்க. நான் வந்துர்றேன்."

கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"இப்ப வேணாம். நான் சொன்னப்புறம் ஏறுங்க... என் தோள்மேல கால வைங்க. விழ மாட்டீங்க."

அப்புறம் ஒரு சிரிப்பு. கல்யாணமாகி இருபத்திரண்டு வருடத்தில் அந்தச் சிரிப்பை நான் கேட்டதில்லை. வாடிக்கையாளர்களிடம் சிரிக்கிற சிரிப்பு வேறு, என்னிடம் சிரிப்பது வேறு. இது தொண்டைக்குள்ளேயே நின்று குலுங்குகிற சின்னப் பையன் சிரிப்பு.

கதவைத் தட்டினேன். திறக்கக் கால் நிமிடம் ஆனது. காதில் ஹெட்செட், கையில் கன்ட்ரோலர். டிவியில் ஏதோ நீலமாக அசையாமல் நின்றது.

"என்ன இது?"

"பாப்பா வச்சுட்டுப் போன கேமு. சும்மா பொழுது போகட்டும்னு."

"யார்கிட்டப் பேசுனீக?"

"யார்கிட்டயும் இல்ல. பொம்மைகிட்டத்தான். ஆடுறப்ப வாயில வந்துரும்."

பொம்மையை யாராவது 'நீங்க' என்பார்களா? ஹெட்செட்டின் மைக் அவர் உதட்டை ஒட்டி வளைந்திருந்தது. நான் எதுவும் கேட்கவில்லை. ஒரு பையனின் பொய்யை உடனே உடைத்துவிட்டால் அடுத்த பொய்யை அவன் கவனமாகச் சொல்வான். இது வகுப்பறையில் கற்றது.

சாயந்திரம் மகளுக்கு போன் செய்தேன்.

"ஏத்தா, அந்தக் கேம் பெட்டியில வெளியாளு கூடப் பேச முடியுமா?"

"முடியும்மா. நெட்டு இருந்தா உலகத்துல யார்கூட வேணாலும் சேந்து விளையாடலாம். ஏன்?"

"ஒங்கப்பா யாரு கூட விளையாடுறாக?"

போனில் ஒரு சின்ன இடைவெளி. பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதியவனிடம் 'இந்த விடை எப்படி வந்தது' என்று கேட்டால் அதே இடைவெளிதான் வரும்.

"எனக்கெப்படிம்மா தெரியும்?" என்றாள்.

அவளுக்கும் தெரிந்திருக்கிறது. எனக்கு மட்டும் தெரியாத ஏதோ ஒன்று என் வீட்டுக்குள் நடக்கிறது. அன்று இரவு சமைத்த குழம்பில் உப்புப் போட மறந்தேன். அவர் அதைச் சொல்லாமல் சாப்பிட்டார். அதையும் சந்தேகப்பட்டேன்.

மறுநாள் அவர் கடைக்குப் போனதும் அந்த அறைக்குள் நுழைந்து டிவியைப் போட்டேன். எந்தப் பொத்தான் எதற்கு என்று கண்டுபிடிக்கவே அரை மணி நேரம் ஆனது. அவர் விளையாடும் ஆட்டம் ஒன்றுதான் இருந்தது. உள்ளே, ஆடியதைச் சேமித்து வைக்க மூன்று கட்டங்கள். முதல் கட்டத்தில் இரண்டு சின்ன உருவங்கள் ஒரு நெருப்புக்கு முன்னால் அருகருகே தூங்கிக்கொண்டிருந்தன. அதன் கீழே, ஆடிய நேரம் நாற்பத்தொரு மணி என்று போட்டிருந்தது. நாற்பத்தொரு மணி நேரம்! எங்கள் கல்யாண நாளுக்குக் கொடைக்கானல் போனபோதுகூட ஒரே நாளில் திரும்பி வந்தோம், கடையை மூட முடியாதென்று.

அந்தக் கட்டத்தைத் தொடப் பயமாக இருந்தது. ஏதாவது அழிந்துவிட்டால் நான் வந்துபோனது தெரிந்துவிடும். மூன்றாவது கட்டம் காலியாக இருந்தது. அதைத் திறந்தேன். ஆட்டம் முதலிலிருந்து தொடங்கியது.

திரை இருட்டாக இருந்தது. தண்ணீர் சொட்டும் சத்தம் மட்டும். கெட்டுப்போய்விட்டதோ என்று எழுந்து வயரைப் பார்க்கப் போனேன். அதற்குள் மெல்ல விடிந்தது. திரையின் அடியில், ஒரு பெரிய சுவரில் சாய்ந்து, முதுகில் கூடை கட்டிய விரல் அளவு உருவம் ஒன்று தூங்கிக்கொண்டிருந்தது. பெயர் இல்லை, கதை இல்லை, என்ன செய்ய வேண்டும் என்று ஒரு எழுத்து இல்லை. நான் பொத்தானை அழுத்தியதும் அது கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்து நின்றது. வலது பக்கம் தள்ளினேன், நடந்தது. அது நடக்க நடக்க அதன் உலகமும் கூடவே நகர்ந்தது. பக்கத்துப் புல் வேகமாக ஓடியது, மரங்கள் அதைவிட மெதுவாக, தூரத்து மலை அசைந்ததா இல்லையா என்றே தெரியவில்லை. கம்பம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் தென்னைகள் ஓடும், திராட்சைப் பந்தல்கள் நடக்கும், மலை அப்படியே நிற்கும். யாரோ ஒருவர் அதை உட்கார்ந்து கவனித்துச் செய்திருக்கிறார்.

நன்றாகத்தான் இருந்தது. அதனாலேயே எனக்கு நம்பிக்கை வரவில்லை. நானும் ஜூன் மாதம் முதல் வகுப்பில் எல்லோருக்கும் போடத் தெரிந்த கணக்கைத்தான் கொடுப்பேன். தைரியம் வந்து பென்சிலை இறுகப் பிடித்த பிறகுதான் நிஜமான கணக்கு வரும். இங்கேயும் முதல் பள்ளம் முழங்கால் ஆழம், விழுந்தாலும் ஏறிவிடலாம். இரண்டாவது பள்ளத்தின் மேல் காய்ந்த இலைகள் கிடந்தன. எதற்கு அந்த இலை? யார் போட்டது? ஒவ்வொரு விளிம்பிலும் நின்று, அகலத்தைக் கண்ணால் அளந்து, அப்புறம்தான் குதித்தேன். அப்படியும் விழுந்தேன்.

என்னை அதிகமாகத் தொந்தரவு செய்தது அந்தச் சுவர். கூடவே வந்துகொண்டிருந்தது, முடியவே இல்லை. நான் நடந்தால் சுவருக்கு அந்தப் பக்கமும் காலடிச் சத்தம் கேட்டது. நான் நின்றால் ஒரு நொடி கழித்து அதுவும் நின்றது. ஆள் தெரியவில்லை. பட்டப்பகலில், தெருவில் தள்ளுவண்டிக்காரன் மாம்பழம் கூவிக்கொண்டு போகிற நேரத்தில், எனக்கு முதுகு சில்லிட்டது. பெட்டியை அணைத்துவிட்டு வந்து மோர் குடித்தேன். அந்த வாரம் முழுக்க காலையில் அவர் கிளம்பியதும் போய் அதே ஆரம்பத்தையே திரும்பத் திரும்ப ஆடினேன். துப்புத் தேடுகிறேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். மத்தியானம் கதவுக்கு வெளியே கீரை ஆய்ந்துகொண்டு கேட்டேன். 'நீங்க மொதல்ல போங்க', 'கயித்த விடுங்க', 'பொறுங்க, மூச்சு வாங்கிக்கிறேன்' என்பவைதான் கிடைத்தன. ஒரு பெயர் கிடைக்கவில்லை.

அடுத்த வாரம் செம்புக் கம்பி எடுக்க அவர் மதுரைக்குப் போனார். வர ராத்திரி ஆகும் என்றார். போகும்போது இரண்டு தடவை மகளின் அறையைத் திரும்பிப் பார்த்தார்.

இரண்டு மணிக்குப் பெட்டியைப் போட்டு, ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, மைக்கை மேலே மடக்கிவிட்டேன். மூன்று நிமிடத்தில் திரையின் மூலையில் ஒரு கட்டம் வந்தது. நாலைந்து எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு குறி, அதன் கீழே 'சேர்ந்து விளையாட அழைக்கிறார்' என்று ஆங்கிலத்தில்.  சரி என்பதை அழுத்தினேன்.

இரண்டு உருவங்களும் நெருப்புக்கு முன்னால் விழித்தன. மற்ற உருவம் என் பக்கம் திரும்பி இரண்டு தடவை குதித்தது. வணக்கம் போல. நானும் இரண்டு தடவை குதித்தேன். அது நடந்தது, பின்னால் போனேன். முதல் பள்ளத்திலேயே விழுந்தேன். மறுபடியும் விழுந்தேன். நாலாவது தடவை விழுந்தபோது காதுக்குள் ஒரு சத்தம் கேட்டது. மாட்டை அதட்டும்போது நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி எடுப்பார்களே, அந்தச் சத்தம். அதன் பின்னால் ஒரு ஆண் குரல்.

"ஏலே, என்னலே ஆச்சு ஒனக்கு இன்னைக்கு? கண்ணு தெரியலயா?"

என் கணவரின் அண்ணன்.

ஏழு வருடமாக எங்கள் வீட்டில் யாரும் அந்தக் குரலைக் கேட்கவில்லை. அவர் மயிலாடும்பாறையில் இருக்கிறார். பொதுவில் ஒரு கிணறு, அதன் இரு பக்கமும் இரண்டு பேருடைய நிலமும். மாமனார் இறந்த மறுவருடம் பொங்கலுக்குப் போனபோது எல்லைக் கல் கிழக்கே, எங்கள் பக்கமாக நகர்ந்திருப்பது போல எனக்குப் பட்டது. நான்தான் சொன்னேன். நான்தான் திரும்பத் திரும்பச் சொன்னேன். கடைசியில் இவர் சர்வேயரைக் கூட்டிக்கொண்டு போய் நின்றார். அண்ணனுக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. சங்கிலி போட்டு அளந்தார்கள். கல் அதன் இடத்தில்தான் இருந்தது, ஒரு விரல்கூட மாறவில்லை. அவர் வரப்பில் நின்று எல்லாவற்றையும் பார்த்தார். "அளந்தாச்சுல்ல? போங்க" என்றார். அதற்குப் பிறகு கல்யாண வீடுகளில் இவர் ஒரு வரிசை, அவர் ஒரு வரிசை.

அந்த மனிதர் இப்போது என் காதுக்குள் இருந்தார்.

"சரி, அங்கனயே நில்லு. நான் வாரேன்."

தாண்டிப் போன உருவம் திரும்பி வந்தது. பள்ளத்தின் விளிம்பில் உட்கார்ந்து கயிற்றை இறக்கியது. பிடித்தேன். இழுத்தது.

"பயப்படாத. புடிச்சிருக்கேன்ல."

கால் மணி நேரம் அப்படியே போனது. விழுவேன், திரும்பி வருவார். ஒரு தடவைகூட அலுத்துக்கொள்ளவில்லை. பிறகு ஒரு இடத்தில் நின்று என் உருவத்துக்கு நேராகத் திரும்பினார்.

"ஒடம்பு கிடம்பு சரியில்லயாலே? பேசவே மாட்டேங்கிற?"

நான் வயரைப் பிடுங்கிவிட்டேன்.

வேறு பெண் இல்லை என்று தெரிந்ததும் நிம்மதி வந்திருக்க வேண்டும். வந்தது, ஒரு பத்து நிமிடம். பிறகு வேறு கேள்வி வந்து உட்கார்ந்தது. ஏழு வருடம் பேசாதவர் இப்போது ஏன் பேசுகிறார்? ஆண்டிபட்டிப் பக்கம் சோலார் கம்பெனிக்காரர்கள் நிலம் கேட்டு அலைவதாகப் பள்ளியில் ஒரு டீச்சர் சொல்லியிருந்தார். கிணற்று நிலம் இரண்டு பேர் பெயரிலும் கூட்டுப் பட்டா. ஒருவர் மட்டும் கையெழுத்துப் போட்டு விற்க முடியாது. அப்படியானால் கயிறு விட்டு இழுப்பது எதற்கு? நேராகப் பீரோவைத் திறந்து பத்திரங்களை எடுத்துப் பார்த்தேன். எல்லாம் இருந்தன. இரண்டு நாள் கழித்து மறுபடி பார்த்தேன். அப்போதும் இருந்தன.

கதவுக்கு வெளியே இன்னும் கவனமாகக் கேட்டேன். நிலம் என்ற வார்த்தையே வரவில்லை. கிணறு வரவில்லை, கையெழுத்து வரவில்லை. நல்லாயிருக்கீங்களா என்றுகூட இவர் கேட்கவில்லை. குதிங்க, நில்லுங்க, பிடிங்க, இவ்வளவுதான். நிலத்தைப் பற்றி ஒரு வார்த்தைகூட வராததே என்னை உறுத்தியது.

கடைசியில் பொறுக்க முடியவில்லை. ஒரு மத்தியானம் சோறு போட்டுக்கொண்டே கேட்டேன்.

"ஒங்க அண்ணன் எப்படி இருக்காக?"

பிசைந்த கை நின்றது. நிமிராமல், "பாப்பா சொன்னாளா?" என்றார்.

"நீங்க மதுரைக்குப் போன அன்னைக்கு நான்தான் ஆடுனேன்."

"நெனச்சேன். மறுநாள் அவரு, நேத்து ஒனக்கு என்னடான்னு கேட்டாரு. காய்ச்சல்னு சொன்னேன்."

பிறகு சொன்னார். மார்கழியில் அண்ணன் மாடிப் படியில் வழுக்கிக் காலை உடைத்துக்கொண்டு மூன்று மாதம் கட்டிலில் கிடந்திருக்கிறார். அவர் மகனும் எங்கள் மகளும் கோயம்புத்தூரில் ஒரே கல்லூரி. பெரியவர்களின் சண்டை அவர்களுக்கு இல்லை. அந்தப் பையன் பொழுதுபோக்குக்கு அப்பாவுக்கு ஒரு கேம் பெட்டி வாங்கிக் கொடுத்தான். இங்கே எங்கள் மகள் லீவுக்கு வந்தபோது அப்பாவுக்கு அதே ஆட்டத்தைப் பழக்கினாள். யாரோடு சேர்த்துவிடுகிறாள் என்று சொல்லவில்லை.

"மொதப் பத்து நாளு யாருன்னே தெரியாது எனக்கு. அந்தச் சொவரு இருக்குல்ல, ரெண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் நடந்து போயி, கடைசியில ஒரு ஓட்டை வழியா சேரணும். யாரோ நல்லா ஆடுறாகன்னு மட்டுந்தான் நெனச்சேன். அப்புறம் ஹெட்செட்டு போட்டேன். அந்த நாக்குச் சத்தம் கேட்டுச்சு."

"கேட்டதும் அணைச்சிருக்கலாம்ல?"

"கை போகல."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீ என்ன கேப்பேன்னு தெரியும். கையெழுத்துக்குத்தான் பசப்புறாகன்னு சொல்லுவ. நானும் மொதல்ல அதைத்தான் நெனச்சேன். இன்னைக்குக் கேப்பாரு, நாளைக்குக் கேப்பாருன்னு நாலு மாசமா காத்துக்கிட்டு இருக்கேன். கேக்கல." தண்ணீர் குடித்தார். "அவரும் என்னைய அப்படித்தான் நெனச்சுக்கிட்டு இருப்பாரு போல."

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் நம்பாமலே நாற்பது மணி நேரம் கயிறு பிடித்து ஏறியிருக்கிறார்கள்.

ஜூன் இரண்டாவது சனிக்கிழமை, கடையில் வேலை இருக்கிறது என்று இவர் கிளம்பியதும், நான் ஆண்டிபட்டிக்குப் போய் அங்கிருந்து மயிலாடும்பாறை பஸ் பிடித்தேன். யாரிடமும் சொல்லவில்லை. வழியெல்லாம் என்ன பேசுவது என்று யோசித்தேன், ஒன்றும் ஒட்டவில்லை.

அவர் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஊன்றுகோல். வீட்டில் வேறு யாரும் இல்லை, அவர் மனைவி, மூத்த மகளுக்குக் குழந்தை பிறந்திருக்கிறதென்று கம்பத்துக்குப் போயிருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் இறுகியது.

"வா," என்றார். உட்காரச் சொல்லவில்லை. "எதுக்கு வந்த?"

"கால் எப்படி இருக்குன்னு பாக்கத்தான், பெரியத்தான்."

"கையெழுத்தா?"

எனக்கு அடித்தது போல இருந்தது. "என்ன கையெழுத்து?"

"சோலார்காரன் வந்து போறான்ல. ஒங்களுக்கு நெலத்த விக்கணும்னு இருந்தா நேரா கேளுங்க. தம்பிய விட்டு எங்கூடக் கேமு ஆட வைக்க வேணாம்."

நான் சிரித்துவிட்டேன். அடக்க முடியவில்லை. அவருக்குக் கோபம் வந்தது. நான் பத்திரத்தை இரண்டு தடவை பீரோவிலிருந்து எடுத்துப் பார்த்த கதையைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை, ஆனால் இன்னொரு நாற்காலியைக் கோலால் என் பக்கம் தள்ளினார்.

"அன்னைக்கு விழுந்துக்கிட்டே இருந்தது நீதானத்தா?"

"எப்படித் தெரிஞ்சுச்சு?"

"தம்பி பள்ளத்தப் பாத்தா யோசிக்காம தாண்டுவான், தாண்டுனப்புறந்தான் பயப்படுவான். நீ ஒவ்வொரு பள்ளத்துக்கு முன்னாலயும் நின்னு அளந்த. அந்த வீட்டுல வேற யாரு அளப்பா?"

தலை குனிந்துகொண்டேன். "அன்னைக்கு சர்வேயரக் கூட்டிட்டு வரச் சொன்னது நான்தான். அவுக மேல தப்பில்ல."

"தெரியும்."

"தப்புத்தான் பெரியத்தான்."

அவர் தோட்டத்துப் பக்கம் திரும்பினார். "அளந்தது தப்பில்ல. யாருக்கும் சந்தேகம் வரும். சொல்லாம ஆளக் கூட்டியாந்து வரப்புல நிறுத்துனீங்க பாரு, ஊரே பாத்துச்சு. அதுதான்."  பரவாயில்லை என்று சொல்லவில்லை. உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவர எழுந்தார், நானே போய் எடுத்துக்கொண்டேன். கிளம்பும்போது, "ரெண்டு மணிக்கு அவன் வந்துருவான். நேரமாச்சு" என்றார். என்னைப் போகச் சொல்கிறார் என்று புரிந்தது.

ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் கூப்பிட்டதன் பேரில் பெரியத்தான் எங்கள் வீட்டுக்கு வந்தார், ஏழு வருடத்துக்குப் பிறகு. ஆட்டுக்கறி எடுத்துச் சமைத்தேன். அண்ணனும் தம்பியும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். மழை எப்படி என்று இவர் கேட்டார். பரவாயில்லை என்று அவர் சொன்னார். கடை எப்படி என்று அவர் கேட்டார். ஓடுது என்று இவர் சொன்னார். பிறகு இரண்டு பேரும் இலையைப் பார்த்துச் சாப்பிட்டார்கள். ஹெட்செட்டில் அத்தனை சுலபமாக வந்த 'ஏலே' நேரில் ஒரு தடவைகூட வரவில்லை. நான் அடுக்களைக்கும் ஹாலுக்கும் நடந்துகொண்டே இது கெட்டுப்போய்விட்டது என்று நினைத்தேன். நேரில் சந்திக்க வைத்திருக்கக் கூடாதோ?

சாப்பிட்டு முடித்ததும் அவர் மகளின் அறைப் பக்கம் பார்த்தார். "அந்தப் பெட்டி அங்கனதான் இருக்கா?"

"ஆமா," என்றார் என் கணவர்.

இரண்டு பேரும் உள்ளே போனார்கள். கதவைச் சாத்தவில்லை. புது ஆட்டம் ஒன்றை மகள் இறக்கி வைத்திருந்தாள். அதன் ஆரம்பம் கடலுக்கடியில். நான் வாசல் நிலையில் சாய்ந்து நின்றேன். ஏதோ பெரிய மீன் ஒன்று மெதுவாகக் கடந்து போக, அதன் நிழல் இரண்டு பேரின் முகத்திலும் விழுந்தது. அண்ணன் முன்னால் சாய்ந்து, "போகாத, நில்லு. அது நம்மளப் பாக்குது" என்றார். இவர் நின்றார்.

அந்த மீன்மேல் எனக்கும் நம்பிக்கை வரவில்லை.